வளையத்தின் தளர்ந்த கண்ணி

செனான் விளக்குகள் பரவும் வரை தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் படம் ஓடியது இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரிந்த ஒரு மின்வில்லின் வெளிச்சத்தில்தான். திரையின் ஓர் ஓரம் பழுப்பேறுவதும், வெளிச்சம் சட்டென இறங்கி மறுபடி ஏறுவதும், ஆபரேட்டர் விளக்குக் கூண்டின் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்வதும் அன்றாடக் காட்சிகள். இந்தத் தடுமாற்றத்துக்குக் கார்பன் குச்சியின் தரம், மின் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம், கூண்டுக்குள் புகும் காற்று எனப் பல காரணங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் கடைசியாக நினைவுக்கு வருகிற காரணம், வில்லைச் சுற்றி இடம் தெரியாமல் பரவிக் கிடக்கும் காந்தப்புலம். இந்த வேண்டாத காந்தத்தை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு உடனே தோன்றும் விடை, அதை அறவே ஒழித்துவிட வேண்டும் என்பது. அது நடவாத காரியம். வில்லைத் தள்ளும் காந்தத்தில் பெரும்பகுதி, வில்லுக்கு உயிர்கொடுக்கும் அதே மின்னோட்டத்திலிருந்து பிறக்கிறது. ஆகவே செய்யக்கூடியது அந்தக் காந்தத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான். கம்பி போகும் வழியைச் சீராக்குவது முதல் வேலை. எஞ்சியதை நாமே வைக்கும் ஒரு காந்தத்தால் அடக்குவது இரண்டாவது வேலை. இரும்புக் கவசத்தின் முறை அதற்கும் பிறகுதான் வருகிறது. வில்விளக்கின் நூறாண்டு வரலாறு இந்த வரிசையையே உறுதிப்படுத்துகிறது.

காந்தத்துக்கு வில் பணியும் என்பது பழைய செய்தி. மின்னோட்டம் ஓடும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்று 1820-இல் எர்ஸ்டெட் கண்டார். மறு ஆண்டே லண்டனில் ஹம்ப்ரி டேவி, பெரிய மின்கல அடுக்கொன்றால் கார்பன் முனைகளுக்கிடையே வில்லை எரியவிட்டு, காந்தத்தின் முனையை அருகே கொண்டுபோனபோது சுடர் விலகுவதையும் சுழலுவதையும் பதிவு செய்தார். மின்னோட்டம் ஓடும் எந்தப் பொருளும் காந்தப்புலத்தில் பக்கவாட்டில் தள்ளப்படும். மின்னோட்டம், புலம் இரண்டுக்கும் செங்குத்தாக அந்த விசை அமையும். செப்புக் கம்பி என்றால் அதன் உறுதி அந்த விசையைத் தாங்கிக்கொள்ளும். வில்லோ 5,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் வாயு. அதற்கு உறுதியும் கிடையாது, எடையும் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஓடும் எலக்ட்ரான்களைப் புலம் பக்கவாட்டில் தள்ளுகிறது. அவை வாயு அணுக்களை மோதித் தம்மோடு இழுத்துச் செல்கின்றன. சுடர் முழுவதும் வளைகிறது.

எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டாம் உலகப்போரில் விமானங்களைத் தேட அமெரிக்கப் படை பயன்படுத்திய 60 அங்குலத் தேடுவிளக்கின் வில் 78 வோல்ட்டில் 150 ஆம்பியர் எடுத்தது. அந்த 150 ஆம்பியரைச் சுமக்கும் நேரான கம்பி ஒன்று வில்லிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வில் இருக்கும் இடத்தில் அது உண்டாக்கும் புலம் 3 காஸ். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ்தான், அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். 2 சென்டிமீட்டர் நீளமுள்ள வில்லின் மேல் இந்தப் புலம் செலுத்தும் விசை 0.0009 நியூட்டன். கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அந்தச் சுடரில் அடங்கிய வாயுவின் நிறை ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. தன் எடையைப்போல ஏறத்தாழ 900 மடங்கு விசை அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சூடான வாயு மேலெழும்பும் விசையோடு ஒப்பிட்டாலும் காந்தத்தின் தள்ளல் 50 மடங்கு அளவுக்கு வருகிறது. கிடைமட்டமாக எரியும் வில் மேல்நோக்கி வளைவதற்குக் காரணம் அந்த மேலெழும் விசைதான். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வில்லை வளைக்க அது போதுமென்றால், அதைப்போல 50 மடங்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வளைவதால் என்ன கேடு? இதற்கு எண்களில் விடை சொல்ல வழிசெய்தவர் ஹெர்த்தா அயர்ட்டன். பிரிட்டனின் மின்பொறியாளர் சங்கத்தில் 1899-இல் உறுப்பினரான முதல் பெண் அவர். வில்லின் நீளம், மின்னோட்டம், மின்னழுத்தம் மூன்றையும் பொறுமையாக அளந்து, திண்ம கார்பன் குச்சிகளுக்கு ஒரு சமன்பாடு கண்டார். வில்லுக்குத் தேவையான வோல்ட் நான்கு உறுப்புகளின் கூட்டல்: 38.88, மில்லிமீட்டரில் அளந்த நீளத்தின் 2.074 மடங்கு, 11.66-ஐ மின்னோட்டத்தால் வகுத்தது, நீளத்தின் 10.54 மடங்கை மின்னோட்டத்தால் வகுத்தது. 3 மில்லிமீட்டர் வில், 10 ஆம்பியர் என்றால் 49.4 வோல்ட் தேவை. 65 வோல்ட் தரும் மின்மூலத்தோடு 1.56 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால் இந்த வில் சரியாக எரியும். இப்போது பக்கத்துக் கம்பியின் காந்தம் சுடரை வளைத்து, அதன் பாதையை 3.5 மில்லிமீட்டராக நீட்டிவிட்டது என்போம். சமன்பாட்டைத் தீர்த்தால் மின்னோட்டம் 8.4 ஆம்பியராக இறங்குகிறது. அரை மில்லிமீட்டர் வளைவுக்கு மின்னோட்டத்தில் 16 விழுக்காடு போய்விட்டது. பாதை 4 மில்லிமீட்டர் ஆனால் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. அதாவது வில் அணைந்துவிடும். குச்சிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மின்மூலத்தில் குறையில்லை, ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதல் வளைவில் விளக்கு அவிந்துபோகிறது. திரையரங்கில் வெளிச்சம் சட்டென இறங்கியதன் கணக்கு இது.

மின்தடையைப் பெரிதாக்கி, மின்மூலத்தையும் உயர்த்தினால் வில் அணையாதே என்று கேட்கலாம். உண்மைதான். 110 வோல்ட்டும் 6 ஓம் அளவுள்ள மின்தடையும் வைத்தால் பாதை 5 மில்லிமீட்டருக்கு நீண்டாலும் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் மின்தடையில் வெறும் சூடாகப் போவது. அந்த விலையைக் கொடுத்தாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். சாதாரண கார்பன் வில்லில் வெளிச்சத்தின் 85 விழுக்காடு சுடரிலிருந்து வருவதில்லை; நேர்மின் குச்சியின் முனையில் குடையப்படும் சிறு பள்ளத்திலிருந்து வருகிறது. 3,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெள்ளையாகத் தகிக்கும் அந்தப் பள்ளம், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஆடியின் குவியத்தில், நேராக ஆடியைப் பார்த்து நிற்க வேண்டும். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கத்து விளிம்பு வேகமாக எரிந்து கரையும். பள்ளம் கோணலாகி, ஆடியைப் பார்க்காமல் விளக்குக் கூண்டின் சுவரைப் பார்க்கத் தொடங்கும். முதல் உலகப்போருக்குச் சற்று முன் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பெக் உருவாக்கிய உயர்செறிவு வில்லில் இது இன்னும் மோசம். குச்சியின் நடுவே அடைத்த சீரியம் சேர்மங்கள் ஆவியாகிப் பள்ளத்துக்குள்ளேயே தேங்கி நின்று ஒளிர்வதால்தான் அந்த வில்லுக்கு அத்தனை பிரகாசம். விளிம்பில் ஓரிடம் கரைந்தால் ஆவி அந்த வழியாக ஒழுகிவிடும். தேடுவிளக்குகளில் நேர்மின் குச்சியை மோட்டார் வைத்து ஓயாமல் சுழற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். சுழற்சி விளிம்பைச் சமமாகக் கரைக்கும். சாய்ந்த சுடரை நிமிர்த்தாது.

இனி இந்தக் காந்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவோம். மின்னோட்டம் எப்போதும் ஒரு மூடிய வளையத்தில்தான் ஓடும். மின்மூலத்திலிருந்து ஒரு கம்பி வழியாக வந்து, நேர்மின் குச்சி, வில், எதிர்மின் குச்சி வழியாகச் சென்று, இன்னொரு கம்பியில் திரும்புகிறது. அப்படிப்பட்ட வளையம் ஒவ்வொன்றும் தன் சொந்தக் காந்தவிசையால் விரியப் பார்க்கும். வளையத்தின் எந்த ஒரு துண்டை எடுத்தாலும் மற்றத் துண்டுகளின் புலம் அதை வெளிப்பக்கமாகவே தள்ளும். கம்பிகள் ஆணியடித்துக் கட்டப்பட்டவை, குச்சிகள் பிடிப்பான்களில் இறுகியவை, அவை அசைவதில்லை. அந்த வளையத்தில் கட்டவிழ்ந்த கண்ணி ஒன்றே ஒன்று, அதுதான் வில். முழு வளையத்தின் விரிவாசையும் அதன் தலையில் வந்து விடிகிறது. ஆகவே ஒரு விளக்கில் வில் எந்தப் பக்கம் சாயும் என்று அறிய நுண்கருவி எதுவும் வேண்டாம். கம்பிகள் எந்தப் பக்கமாக வந்து போகின்றன என்று பார்த்தால் போதும். வில் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும்.

நோய்க்குக் காரணம் இதுவானால் மருந்தும் இங்கேயே இருக்கிறது. வரும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டுவந்தால் அவற்றின் புலங்கள் எதிரெதிராக நின்று ஏறக்குறைய அழிந்துவிடும். மேலே சொன்ன 150 ஆம்பியர் கம்பிக்குப் பக்கத்திலேயே, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், திரும்பும் கம்பியையும் சேர்த்து ஓட்டினால் 10 சென்டிமீட்டர் தொலைவில் மிஞ்சுவது 0.3 காஸ். பத்தில் ஒன்பது பங்கு, ஒரு பைசா செலவில்லாமல் போய்விட்டது. இரண்டையும் முறுக்கிக் கட்டினால் இன்னும் குறையும். குச்சிகளை நெருங்கும்போது கம்பிகள் பிரிந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் மின்னோட்டத்தை இரண்டு சம கிளைகளாகப் பிரித்து, குச்சியின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகக் கொண்டுவரலாம். வில் இருக்கும் நடு அச்சில் இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அடித்துவிடும். குச்சியைப் பிடிக்கும் மின்தொடர்பு வில்லுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அந்த அளவுக்கு, மின்னோட்டம் வளைந்து திரும்பும் இடத்தையும் அச்சுக்குச் சமச்சீராக வைப்பது முக்கியமாகிறது. விளக்குக் கூண்டின் ஒரு பக்கச் சுவரோடு ஒற்றைக் கம்பியை ஓட்டிச் செல்வதுதான் செய்யக்கூடாத பிழை. அழகாக அடங்கியிருக்கிறது என்று நினைத்துச் செய்யப்படும் அந்த ஒரு வேலை, ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து நிரந்தரமாக மாட்டியதற்குச் சமம்.

கம்பிக்கு அடுத்தபடி இரும்பு. காந்தமேறாத சாதாரண இரும்புத் தகடுகூட வில்லைத் தன் பக்கம் இழுக்கும். வில்லின் புலம் இரும்புக்குள் எளிதாகப் பாய்வதால் அந்தப் பக்கம் புலத்தின் வடிவம் மாறுகிறது. விளைவை அளக்க ஒரு சுருக்குவழி உண்டு. அகலமான தடித்த இரும்புத் தகடு வில்லிலிருந்து 5 சென்டிமீட்டரில் நின்றால், தகட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு 5 சென்டிமீட்டரில், அதே திசையில் அதே மின்னோட்டம் ஓடும் இன்னொரு வில் எரிவதுபோலக் கணக்கிடலாம். அப்படியானால் இடைவெளி 10 சென்டிமீட்டர், புலம் அதே 3 காஸ். ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதால் வில் தகட்டை நோக்கிச் சாய்கிறது. மின்சுற்றை முறிக்கும் சுவிட்சுகளில் வில்லை இழுத்துத் துண்டாடி அணைக்க எஃகுத் தகடுகளை அடுக்கி வைப்பது இதே இழுப்பை நம்பித்தான். அங்கே விரும்பி வைப்பது விளக்கில் வேண்டாத விருந்தாளி. வில்லை ஒட்டிய பிடிப்பான்கள், தாங்கிகள், திருகுகள் எல்லாம் பித்தளை, வெண்கலம், அலுமினியம் என்று காந்தத்தோடு உறவில்லாத உலோகங்களில் அமைய வேண்டும் என்பது இதனால்தான். பழுதுபார்க்கும்போது பித்தளைத் திருகு தொலைந்து அதன் இடத்தில் எஃகுத் திருகு ஏறுவது சாதாரணமாக நடப்பது. எஃகு ஒருமுறை காந்தமேறினால் லேசில் விடாது.

பூமியின் காந்தம் எங்கும் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 0.4 காஸ் சிறியதென்றாலும் 150 ஆம்பியர் வில்லின் மேல் அதன் விசை, சூடான வாயு மேலெழும் விசையைவிட ஆறு மடங்கு அதிகம். அப்படியிருந்தும் பெரிய வில்கள் பூமியின் காந்தத்தால் அணைவதில்லை. காரணம், பெரிய வில் தன்னைத்தானே விறைப்பாக்கிக்கொள்கிறது. குச்சியின் முனையில் சுடர் குறுகியும் நடுவில் விரிந்தும் இருப்பதால், வில்லின் சொந்தக் காந்தம் குறுகிய இடத்தில் வாயுவை அதிகமாகப் பிழிகிறது. பிழியப்பட்ட வாயு முனையிலிருந்து நடுவை நோக்கித் தாரையாகப் பீறிடுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ஸ் மேக்கர் 1955-இல் இந்தத் தாரையை விளக்கினார். 150 ஆம்பியரில் இந்தத் தாரையின் உந்துவிசை ஒரு நியூட்டனில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை என்ற வரிசையில் வரும். பூமியின் தள்ளல் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாரையின் விறைப்பு மின்னோட்டத்தின் இருமடியாகக் கூடுகிறது. பூமியின் தள்ளலோ மின்னோட்டத்தின் விகிதத்தில் மட்டுமே கூடுகிறது. ஆகவே வில் பெரிதாகப் பெரிதாகப் பூமியின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். ஆனால் விளக்கின் சொந்தக் கம்பிகளின் தள்ளல், புலமும் மின்னோட்டத்தோடு சேர்ந்து கூடுவதால், இருமடியாகவே வளரும். எவ்வளவு பெரிய வில்லானாலும் தன் கம்பியிடமிருந்து தப்ப முடியாது. வேண்டாத காந்தம் என்றதும் வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு தொல்லை என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த இரண்டு வளர்ச்சி விகிதங்களே சாட்சி.

தடுமாற்றத்தில் பெரும்பாலானவை காற்றாலோ மட்டமான குச்சியாலோ வருபவை, காந்தத்தை இழுப்பது வீண் என்பாரும் உண்டு. அவர்கள் பக்கம் உண்மை நிறையவே இருக்கிறது. வில் திடீரென உஸ்ஸென்று இரைந்து துள்ளுவதற்குக் காரணம், பள்ளம் அளவுக்கு மீறிப் பெரிதாகி அதனுள் காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுவது என்று அயர்ட்டனே நிறுவினார். அதில் வெளிக் காந்தத்துக்குப் பங்கில்லை. ஆனால் எது எதனால் வருகிறது என்று பிரித்தறிய முடியும். காற்றின் தொல்லை வரும், போகும், திசை மாறும். காந்தத்தின் சாய்வு ஒரே பக்கம், நிலையாக இருக்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் கம்பியின் காந்தத்தால் வரும் விசை இருமடியாக ஏறும். காற்று அதைச் சட்டை செய்யாது. இரண்டு முனையிலும் ஒரே வகைச் சாதாரண குச்சி உள்ள விளக்கில் மின்னோட்டத்தின் திசையை மாற்றிப் பார்க்கலாம். சாய்வும் பக்கம் மாறினால் குற்றவாளி பூமியோ, அருகிலுள்ள மோட்டாரோ, காந்தமேறிய எஃகோ. அதே பக்கம் நின்றால் குற்றம் சொந்தக் கம்பியுடையது, அல்லது காந்தமேறாத இரும்புடையது, அல்லது காற்றுடையது. விளக்கை அணைத்துக் கம்பியை வேறு பக்கமாக மாற்றி ஓட்டிப் பார்த்தால் மிச்சமும் தெளிவாகும். செலவில்லாத இந்தச் சோதனைகளைச் செய்யாமல் குச்சியின் மேல் பழிபோடுவது சோம்பல்தான்.

மாறுமின்னோட்டத்துக்குப் போய்விடலாமே என்பது இன்னொரு வாதம். திசை நொடிக்கு 100 முறை மாறும்போது தள்ளலும் இங்கும் அங்குமாக மாறிச் சராசரியில் பூஜ்யமாகிவிடும் என்று தோன்றும். பூமி, நிலைக்காந்தம் போன்ற வெளிப்புலங்களுக்கு இது சரி. வில் சாயாது, அதிரும். சொந்தக் கம்பியின் புலமோ வில்லின் மின்னோட்டம் மாறும் அதே கணத்தில் தானும் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து மாறினால் விசையின் திசை மாறாது. இதற்கு வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. ரஷ்யரான யாப்லோச்கோவ் 1876-இல் செய்த மின் மெழுகுவத்தியில் இரண்டு கார்பன் குச்சிகள் நடுவே களிமண் போன்ற ஒரு படலத்தோடு அருகருகே நின்றன. இரண்டும் சமமாகக் கரையட்டும் என்று அதற்கு மாறுமின்னோட்டமே கொடுக்கப்பட்டது. ஒரு குச்சியில் ஏறி மறு குச்சியில் இறங்கும் மின்னோட்டம் வில்லை எப்போதும் குச்சிகளின் நுனியை நோக்கியே தள்ளியது. நொடிக்கு எத்தனை முறை திசை மாறியும் அது மாறவில்லை. 1878-இல் பாரிஸின் ஓப்பேரா வீதியை ஒளிரச் செய்த விளக்குகள் அவை. திரைப்படத்துக்கு மாறுமின்னோட்டம் இன்னொரு வகையிலும் ஒத்துவரவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வில்லின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நொடிக்கு 24 படம் ஓடும் புரொஜெக்டரில் இரட்டை இறக்கை மூடி ஒளியை 48 முறை வெட்டும். 48-இன் இரண்டு மடங்கு 96; அதற்கும் 100-க்கும் உள்ள வித்தியாசமான 4, திரையில் நொடிக்கு நான்கு சிமிட்டலாகக் கண்ணைக் குத்தும்.

அப்படியானால் எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் மூடிவிட்டால் என்ன? பக்கத்து மோட்டாரையோ மின்மாற்றியையோ இரும்பால் மூடுவது நல்ல யோசனை. தொல்லையைப் பிறந்த இடத்திலேயே அடைப்பது எப்போதும் மலிவு. வில்லைச் சுற்றியே இரும்பை வைப்பது வேறு கதை. வெளிப்புலத்தைத் தடுக்கும் அதே தகடு, மேலே கண்டபடி, வில்லைத் தன்னை நோக்கி இழுக்கும். எல்லாப் பக்கமும் சம தூரத்தில், போதிய அளவு தள்ளி இருந்தால் இழுப்புகள் சரிக்கட்டும். ஆனால் விளக்குக்கு ஒளி போக ஒரு வாய் வேண்டும், புகை போக ஒரு குழாய் வேண்டும், ஆடி ஒரு பக்கம் நிற்க வேண்டும். சமச்சீர் எங்கிருந்து வரும்? கம்பிகள் பெட்டிக்குள் நுழையும் துளையிலும் எச்சரிக்கை தேவை. இரண்டு கம்பிகளும் வெவ்வேறு துளை வழியாகப் போனால் ஒவ்வொரு துளையையும் சூழ்ந்த எஃகு காந்தமாகும். ஒரே துளையில் சேர்ந்து போனால் அது காந்தமாகாது. எஃகுக் குழாயில் வயர் இழுக்கும்போது போக்கும் வரவும் ஒன்றாகவே போக வேண்டும் என்று நல்ல எலக்ட்ரீஷியன் எவரும் சொல்வார். அந்த விதிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

கம்பிகளை எவ்வளவு சீர்செய்தாலும் சிறு மிச்சம் இருக்கவே செய்யும். அந்த மிச்சத்தின் திசையும் அளவும் குச்சி கரையக் கரைய மாறிக்கொண்டிருக்கும். இங்கேதான் இரண்டாவது வேலை வருகிறது: திசை தெரிந்த, அளவு தெரிந்த, மிச்சத்தைவிடப் பெரிய ஒரு புலத்தை நாமே வைப்பது. யாப்லோச்கோவின் மெழுகுவத்தியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு எரிக்க விரும்பிய பிரெஞ்சு அறிஞர் ஜூல் ஜமேன், 1880 வாக்கில், அதே மின்னோட்டம் ஓடும் கம்பிச் சுருளால் குச்சிகளைச் சூழ்ந்து, மேலே ஏறப் பார்த்த வில்லைக் கீழ் நுனியிலேயே நிறுத்தினார். ஜெர்மனியின் ஹூகோ பிரெமர், 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சி வாக்கில் புகழ்பெற்ற தம் தீச்சுடர் விளக்கில், சாய்ந்து கீழ்நோக்கிக் கூடும் இரு குச்சிகளுக்கு மேலே ஒரு மின்காந்தம் வைத்து வில்லைக் கீழே விசிறிபோல் விரித்தார். நார்வேயில் பிர்க்கலாண்டும் ஐடும் 1903-இல் ஒரு படி மேலே போய், வலிமையான புலத்தால் மாறுமின்னோட்ட வில்லை வட்டத் தட்டாகவே பரப்பி, காற்றின் நைட்ரஜனை எரித்து உரத்துக்கான அமிலம் செய்தனர். வில்லைக் கெடுப்பது என்று நாம் வைத விசை, கைக்கு அடங்கியபின் ஒரு தொழிலையே நடத்தியது.

1930-களில் திரையரங்குகளுக்கு வந்த, செம்பு பூசிய மெல்லிய குச்சிகளால் எரியும் உயர்செறிவு விளக்குகளில் இந்தப் பாடம் முழுமை பெற்றது. 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள நேர்மின் குச்சியில் 60 ஆம்பியர் அளவு ஓடும். அந்தக் குச்சி சுழலாது; ஆகவே சுடர் சாய்ந்தால் பள்ளம் கோணலாவதைத் தடுக்க வேறு வழியில்லை. அந்த விளக்குகளில் வில்லுக்கு அருகே ஒரு காந்தம் வைத்து, சுடரின் வாலை எப்போதும் ஒரே திசையில் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் பீர்லெஸ் விளக்கு ஒன்று காந்தத்தையும் வில்லையும் சேர்த்து ‘மேக்னார்க்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. கார்பனுக்குப் பின் வந்த செனான் குமிழிலும் காந்தம் தொடர்ந்தது. படுக்கைவாக்கில் எரியும் பெரிய செனான் விளக்கில் வில் மேல்நோக்கி வளைந்து குவார்ட்ஸ் கண்ணாடியைச் சூடாக்காமலிருக்க, அடியில் ஒரு காந்தத்தை வைத்து வில்லைக் கீழே இழுத்துப் பிடிக்கிறார்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வைக்கும் காந்தம் மிஞ்சிப்போனால் அதுவே சுடரை நீட்டி அணைத்துவிடும். கம்பிகளைச் சீர்செய்யாமல் காந்தத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு போவது கெட்டிக்காரத்தனம் ஆகாது. மின்னோட்டம் மாறும்போது கம்பியின் தள்ளல் இருமடியாகவும் நிலைக்காந்தத்தின் தள்ளல் ஒருமடியாகவும் மாறுவதால், 60 ஆம்பியரில் சரிக்கட்டிய சமன் 45 ஆம்பியரில் கலைந்துபோகும். முதல் வேலை முடிந்த பிறகே இரண்டாவது வேலைக்குப் பொருள் உண்டு.

வில்விளக்கே ஒழிந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் எஃகு உருக்காலைக்குப் போய்ப் பார்க்கலாம். நேர்மின்னோட்ட வில் உலைகளில் ஒரு லட்சம் ஆம்பியருக்கு மேல்கூட ஓடுகிறது. உலையின் அடியில் மின்னோட்டத்தின் வழி ஒரே பக்கமாக அமைந்தால் வில் எதிர்ப்பக்கச் சுவரை நோக்கிச் சாய்ந்து செங்கல் பூச்சை அரிக்கும். அதனால் அடியிலுள்ள தடித்த மின்தண்டுகளைச் சுற்றுவழியாக வளைத்துச் சமன்செய்கிறார்கள். அளவு மட்டும்தான் பெரிது. கணக்கு பழைய விளக்குக் கூண்டின் கணக்கே. நம் ஊர் வெல்டிங் பட்டறைகளில் இது இன்னும் அருகில் நடக்கிறது. டி.சி. மெஷினில் தடித்த தகட்டின் ஓரத்தை ஒட்டும்போது ஆர்க் உள்பக்கமாக வீசி, உருகிய உலோகம் தெறித்து, ஒட்டில் ஓட்டை விழும். ஆர்க் ப்ளோ என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை அது. அப்படி நடந்தால் ராடை மாற்றுவதற்கும் ஆளைத் திட்டுவதற்கும் முன், எர்த் கிளாம்ப் எங்கே கடித்திருக்கிறது என்று பாருங்கள். அதை இடம் மாற்றுங்கள். முடிந்தால் ஒட்டின் இரு முனையிலும் ஒவ்வொன்று போடுங்கள். ஆர்க்கைக் குட்டையாகப் பிடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் கேபிளை ஜாப்பின் மேல் சில சுற்றுச் சுற்றி, வீச்சு குறையும் திசை எது என்று பார்த்து அப்படியே விட்டுவிடுங்கள்.